35 பேரை மேய்ப்பவர் அடுப்படியில் ஏன் தனியாக நிற்கிறார்?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்ததன் சுருக்கம் இது: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் அசெம்பிளி பிரிவில் 35 பேரை மேற்பார்க்கிறார். அங்கே வேலை ஒழுங்காக ஓடுகிறது. வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். காலையில் டிபனும் மதியச் சாப்பாடும் முடித்து ஏழரை மணி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. "கம்பெனியில் ஆட்களை வேலை வாங்கக் கற்றது எதுவும் சமையலறையில் உதவுமா, இல்லை அது வேறு இது வேறா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு மூன்று தடவை படித்துப் பார்த்தேன். சமைக்கத் தெரியவில்லை என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. நேரம் போதவில்லை என்றுகூட அழுத்திச் சொல்லவில்லை. "எல்லாரும் உதவத் தயாராகத்தான் இருக்கிறார்கள், ஆனாலும் எல்லாம் என் தலையில்தான் இருக்கிறது" என்று நடுவில் ஒரு வரி இருக்கிறதே, அதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் 23 வருடமாக இருக்கிறேன். செக்கிங்கில் சேர்ந்து, லைன் சூப்பர்வைசராகி, இப்போது ப்ரொடக்‌ஷன் மேனேஜர். வீட்டில் ஐந்து பேர். நீங்கள் இன்று நிற்கிற இடத்தில் நான் ஏழெட்டு வருடம் நின்றிருக்கிறேன்.

ஆலையில் கற்றது அடுப்படிக்குப் போகும் என்பது உறுதி. இது நூறு வருடத்துப் பழைய விஷயம். அமெரிக்காவில் லிலியன் கில்பிரெத் என்று ஒரு பெண்மணி இருந்தார். தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கை அசைவு, கால் அசைவையெல்லாம் படம் பிடித்து, வீண் அசைவைக் குறைக்கும் வழியைக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர். 12 பிள்ளைகள் பெற்றவர். 1924இல் கணவர் இறந்ததும், ஒரு பெண்ணிடம் ஆலோசனை கேட்கக் கம்பெனிகள் தயங்கின. அவர் அதே அறிவைச் சமையலறைக்குத் திருப்பினார். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாமான் மேடை எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது போன்று இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் பல யோசனைகளில் அவருக்குப் பங்கு உண்டு. காலால் மிதித்துத் திறக்கும் குப்பைக்கூடையையும் அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் பெரும்பாலும் சரிசெய்தது ஒரு ஆளின் நடமாட்டத்தை. உங்கள் சிக்கல் ஐந்து பேருக்கு நடுவில் இருக்கிறது. அதனால் என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில், வேலை எங்கே தேங்குகிறது என்று பார்க்கும் கண். இது அப்படியே வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டில் ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் சந்தகைதான். புழுங்கலரிசியை ஊறவைத்து மையாக ஆட்டி, இட்லியாக ஊற்றி வேகவைத்து, அதை அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். எங்களிடம் இருப்பது மூன்று கால் இரும்பு அச்சு. ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேருக்குப் பிழிந்தோம். நான் சுறுசுறுப்பாக இரண்டு அடுப்பிலும் இட்லிச் சட்டியை வைத்து ஈடு ஈடாக எடுத்துக் குவித்தேன். வேலை வேகமாகப் போகிறது என்று எனக்கு நினைப்பு. அச்சுக்குப் பக்கத்தில் இட்லி மலையாகக் குவிந்து ஆறிவிட்டது. ஆறிய இட்லி கட்டையாகிவிடும், பிழிய வராது. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் கைப்பிடியோடு மல்லுக்கட்டி வேர்த்துக் கொட்டினார்கள். பாதி இட்லியை மறுபடி ஆவியில் வைத்தோம்.

அன்றைக்கு அந்த அச்சைப் பார்த்தபோது எனக்கு எங்கள் லைன்தான் தெரிந்தது. ஓவர்லாக் மிஷினில் வேகமாகத் தைத்துத் தள்ளிவிட்டு, அடுத்த பிளாட்லாக் மிஷினில் பீஸ் குவிந்து கிடந்தால், ஓவர்லாக்காரருக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். குவிகிற இடத்தின் வேகம்தான் மொத்த லைனின் வேகம். சந்தகையில் அந்த இடம் அச்சு. அச்சு கேட்கும்போது ஒரு ஈடு வேக வேண்டும், அவ்வளவுதான். கூடுதலாக வேகவைப்பது உதவியே இல்லை. இதை நான் பெரிய கண்டுபிடிப்பாக அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொன்னேன். "சந்தகைன்னா சூட்டோட பிழியறதுதான கண்ணு, அதனாலதான் நாங்கெல்லாம் ஒவ்வொரு ஈடா வெப்போம்" என்றார். அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் காலை நேரத்தையும் இப்படி ஒரு நாள் நின்று பாருங்கள். எனக்கு அது சின்ன வெங்காயம் உரிப்பதாக இருந்தது. நம் பக்கத்துச் சமையலில் எதைத் தொட்டாலும் சின்ன வெங்காயம் வேண்டும். அடுப்பு இரண்டும் காலியாக எரிந்துகொண்டிருக்கும், நான் வெங்காயத்தோடு உட்கார்ந்திருப்பேன். இப்போது முந்தின நாள் பொழுதோடு டிவி முன்னால் எல்லாருமாக உரித்துவிடுகிறோம். நூல், லேபிள், டேப் எல்லாம் வந்து சேராமல் எந்த லைனிலும் நாங்கள் பீஸ் ஏற்றுவதில்லை. வீட்டில் மட்டும் தாளிக்கப் போகும்போதுதான் கருவேப்பிலை இல்லை என்று தெரியும்.

அதே மாதிரி முதல் பீஸ். ஆயிரம் பீஸ் தைப்பதற்கு முன்னால் ஒன்றைத் தைத்துப் பார்த்து ஒப்புதல் வாங்குவோம். நடுநடுவே மிஷினுக்கே போய் ஒருவர் செக் பண்ணுவார். கடைசியில் மட்டும் பார்த்தால் பிரித்துத் திருத்த வேண்டிய ஆல்டர் பீஸ்தான் மிஞ்சும். கறி வறுவலுக்கு மசாலா பிசறியதும் ஒரு துண்டை மட்டும் வதக்கி உப்புப் பார்ப்பது இதே வேலைதான். இதை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள்.

இனி, நான் உண்மையிலேயே சொல்ல விரும்புவது. திருப்பூர் பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மிஷின் வரிசையில், கைமடி என்று ஒரு வேலை உண்டு. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுப்பது, மடித்து அடுக்குவது, நூல் வெட்டுவது. அடுத்து என்ன செய்வது என்று டெய்லர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல கைமடி இருந்தால் டெய்லருக்குக் கை ஓயும். தலை ஓயாது. பெரும்பாலான வீடுகளில் அம்மாவைத் தவிர மற்ற எல்லாரும் கைமடிதான். "என்ன பண்ணோணும்னு சொல்லு அம்மணி, பண்றேன்" என்று என் வீட்டுக்காரர் அன்பாகத்தான் கேட்பார். தேங்காய் உடைக்கச் சொன்னால் உடைப்பார். உடைத்துவிட்டு, "அடுத்து?" என்பார். இன்றைக்கு என்ன சமைப்பது, அதற்குச் சாமான் இருக்கிறதா, பெரியவனுக்குப் பரீட்சையா, அத்தைக்குச் சர்க்கரை கூடியிருக்கிறதா, நேற்று வைத்த குழம்பை என்ன செய்வது — இந்தக் கணக்கு முழுக்க என்னிடம். உங்கள் வரிக்கு அர்த்தம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் கையைத் தருகிறார்கள். யோசனை உங்களிடமே இருக்கிறது.

கம்பெனியில் நீங்கள் இப்படிச் செய்ய மாட்டீர்கள். ஒரு ஆளிடம் ஸ்பேனரை எடு, இந்த போல்ட்டை முடுக்கு, இப்போது நிறுத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் 35 பேரை ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது. இந்த ஸ்டேஷன் உன்னுடையது, இங்கிருந்து வெளியே போகிற பம்ப் சரியாக இருக்க வேண்டும் என்று ஒப்படைப்பீர்கள். வீட்டில் அந்த ஒப்படைப்பு நடக்கவில்லை. நாம் ஒப்படைக்காததற்குக் காரணமும் உண்டு. அடுப்படி நம்முடையது என்று யாரோ எப்போதோ நம்மிடம் சொல்லிவிட்டார்கள். அதை விடும்போது ஏதோ குற்றம் செய்வது போல இருக்கும். எனக்கு இருந்தது.

நான் முதலில் ஒப்படைத்தது ஞாயிற்றுக்கிழமைக் கறி. முன்பு வீட்டுக்காரர் கடையில் வாங்கிவந்து மேடைமேல் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு எல்லாம் நான். "இனிமேல் ஞாயித்துக்கிழமை மதியச் சோறு முழுக்க உங்களுதுங்க. எவ்வளவு வாங்கறது, என்ன வெக்கறது, போசி கழுவறது வரைக்கும்" என்று சொன்னேன். முதல் மூன்று வாரம் நரகம். கடலெண்ணெயை நான் ஊற்றுவதைப்போல இரண்டு மடங்கு ஊற்றினார். இஞ்சி பூண்டு விழுதைப் பச்சையாக விட்டார். சோறு இரண்டரை மணிக்கு ஆனது. நான் வாயைத் திறக்கவில்லை, அடுப்படிக்குள்ளும் போகவில்லை. இதுதான் மொத்தத்தில் கடினமான பகுதி. புது டெய்லர் தைப்பதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் கை நடுங்கும் என்று கம்பெனியில் எனக்குத் தெரியும். வீட்டில் தெரியாமல் போயிருந்தது. ஐந்தாவது வாரம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, "நாளைக்குக் கொழம்பு வேண்டாம், தண்ணியா செலவு ரசம் வெச்சு, கறிய வறுத்துக்கலாம், அம்மாவுக்குச் சளி புடிச்சிருக்குது" என்றார். அத்தைக்குச் சளி என்பதை எனக்கு முன்னால் அவர் யோசித்திருந்தார். அன்றைக்குத்தான் அந்த வேளை என் தலையிலிருந்து இறங்கியது.

இதில் நாட்டின் நிலவரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள், உங்களை நீங்களே நொந்துகொள்ளாமல் இருக்க உதவும். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்த 299இல் சமையலறைக்கு வெளியே பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நாளைய டிபனை யோசித்த நேரம் இருக்காது என்பது என் ஊகம்.

கற்றுக்கொடுப்பதைப் பற்றி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் பழக்கமில்லாத ஆட்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். அவர்களைச் சீக்கிரம் தேற்ற ஒரு முறை வகுத்தார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் வேரூன்றியது. எங்கள் கம்பெனிக்கு வந்த பயிற்சியாளர் அதைத்தான் சொல்லித்தந்தார். முதலில் ஆளைப் பயம் தெளியவிடு, பிறகு செய்துகாட்டு, அவரையே செய்யவிடு, பிறகு விலகி நின்று அவ்வப்போது பார். செய்துகாட்டும்போது எல்லாவற்றையும் கொட்டாதே, எங்கே தவறுமோ அந்த இடத்தை மட்டும் சொல், ஏன் என்றும் சொல். ஆள் கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்.

பத்தாவது படிக்கும் என் மகனுக்கு அரிசிம்பருப்பு கற்றுக்கொடுத்தேன். இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, ஏழு டம்ளர் தண்ணீர், வெங்காயம் பூண்டு மிளகு சீரகம், மூன்று விசில். தலையாட்டினான். செய்தபோது சாதம் விறைத்து நின்றது, பருப்பு நறுக்கென்று கடிபட்டது. பார்த்தால் ஐந்தரை டம்ளர்தான் ஊற்றியிருக்கிறான். அரிசிக்கு மட்டும் இவ்வளவு போதும் என்று தண்ணீரை அவனாகவே குறைத்துக்கொண்டான், அப்படிக் குறைத்தபோது பருப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. பருப்பும் தண்ணீர் குடிக்கும் என்று நான் சொல்லவே இல்லை. ஏழு டம்ளர் என்ற எண்ணைச் சொன்னேன், அதன் காரணத்தைச் சொல்லவில்லை. எல்லாரும் நெய் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டோம். மறு வாரம் காரணத்தைச் சொன்னேன். இப்போது புதன்கிழமை ராத்திரி அவனுடையது, எத்தனை பேர் வந்தாலும் அளவை அவனே மாற்றிக்கொள்கிறான்.

இதுவரை சொன்னவை என் வீட்டிலும், நான் வேலை சொல்லிக்கொடுத்த சில பெண்களின் வீட்டிலும் கண்ணால் பார்த்தவை. அடுத்தது, வீட்டுக்கு வராத பாடம். இதில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

எங்கள் தளத்தில் மணிக்கு மணி ப்ரொடக்‌ஷன் எழுதும் போர்டு இருக்கும். அதைப் பார்த்து வீட்டிலும் ஒரு அட்டை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். யார், என்ன வேலை, எத்தனை மணி. அதில் ஒரு வரி: தேங்காய் துருவுவது, அத்தை, 6.10. அத்தை பேரனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சரியாக ஆறு பத்துக்குத் தேங்காயைத் துருவி, தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். அதுவரை தினமும் நான் கேட்காமலே தோசையைத் திருப்பிப் போடுவார், பால் பொங்கினால் அணைப்பார், சின்னவளுக்கு ஜடை போட்டுவிடுவார். அன்றைக்குப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் எட்டிப் பார்த்தேன். "எழுதுன வேலை முடிஞ்சுது அம்மணி" என்றார். கோபமே இல்லாத குரல்.

அன்று சாயந்தரமே அட்டையைக் கிழித்துப் போட்டேன். எனக்கு அந்த வார்த்தை இன்றும் வலிக்கும். தோட்டத்தில் கடலைக்காய் பறிக்கும் காலத்தில் இருபது ஆளுக்கு விடிகாலையில் களி கிண்டி, சாறு வைத்து, கூடையில் சுமந்துபோன மனுஷி அவர். நான் பிறப்பதற்கு முன்பே ஆள் நடத்தியவர். அவரை நான் நிமிடம் போட்டு எழுதியிருக்கிறேன். கம்பெனியில் எழுதிவைப்பது தொழிலாளிக்கும் பாதுகாப்பு, செய்த பீஸுக்குக் கூலி, நின்ற ஷிப்ட்டுக்குச் சம்பளம். சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது அந்த எழுத்துதான் பேசும். வீட்டில் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. பிடிக்காவிட்டால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட டெய்லரால் முடியும், அத்தையால் முடியாது. அதனால் நேரம் குறிப்பது, அளப்பது, ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவது, இலக்கு வைப்பது எல்லாம் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நிற்கட்டும். மற்ற வீடுகளில் அட்டை எழுதி நன்றாகவே நடக்கிறது என்று சொல்கிறார்கள். கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் இருந்து, இருவரும் சேர்ந்து எழுதினால் நடக்கலாம். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. நான் சொன்னதெல்லாம் மனசு இருக்கிற ஆட்களுக்கு. உங்கள் வீட்டில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "அதெல்லாம் பொம்பளைங்க வேலை" என்று ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் ஒப்படைப்பது, கற்றுக்கொடுப்பது எதுவும் வேலைக்கு ஆகாது. அது நேருக்கு நேராகப் பேசித் தீர்க்க வேண்டிய நியாயம். அங்கே மேலாண்மைப் பேச்சைப் பேசினால் பெண் இன்னும் சாமர்த்தியமாகச் சுமக்கக் கற்றுக்கொள்வாள், அவ்வளவுதான். பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதுக்குக் கீழே என்றாலும் முழு வேளையை ஒப்படைக்க முடியாது. தீயும் கத்தியும் இருக்கிற இடம். அவர்களுக்கு வெங்காயம் உரிப்பதும், தட்டு வைப்பதும் போதும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? காலை நேரத்தைத் தொடாதீர்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் புது ஆளைப் பழக்குவதில்லை அல்லவா? வாரத்தில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கணவரிடமோ பெரிய பிள்ளையிடமோ யோசனையிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை முழுசாகக் கொடுங்கள். அன்றைக்கு நீங்கள் வீட்டில் இல்லாமல் இருந்தால் நல்லது, கோயிலுக்காவது போய்விட்டு வாருங்கள். சாமான் இல்லை என்று போன் வந்தால் "கடைக்குப் போங்க" என்று மட்டும் சொல்லுங்கள். நன்றாக இல்லாவிட்டாலும் சாப்பிடுங்கள். குறை இருந்தால் மறுநாள் தனியாகச் சொல்லுங்கள், தட்டு முன்னால் வேண்டாம். ஒரு மாதம் கழித்து இரண்டாவது வேளையைப் பற்றி யோசிக்கலாம்.

மாமியாரிடம் எப்படிப் போவது என்றும் கேட்டிருந்தீர்கள். அட்டை விவகாரத்துக்குப் பிறகு அத்தை சில நாள் அடுப்படிக்குள் அளவாகத்தான் வந்தார். மன்னிப்புக் கேட்டேன், "அட போ கண்ணு" என்று முடித்துவிட்டார், ஆனால் பழைய மாதிரி ஆகவில்லை. எங்கள் கம்பெனியில் முப்பது வருட அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு யாரும் வேலை சொல்வதில்லை, போய்க் கேட்டுக்கொள்வோம். அது திடீரென்று நினைவுக்கு வந்தது. ஒரு நாள் கொள்ளு வறுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதும் ஒன்று கருகும், இல்லை பச்சை வாசம் போகாது. வாணலியோடு திண்ணைக்கே போய், "எப்பங்கத்தை எறக்கறது?" என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தார், எழுந்து அடுப்புக்கு வந்தார், தீயைக் குறைத்தார். "வாசத்தப் பாத்து எறக்குனா அப்பவே கருகத் தொடங்கியிருக்கும். சத்தத்தக் கேளு. மொதல்ல ஒண்ணு ரெண்டா வெடிக்கும், அப்பறம் படபடன்னு வரும், அது அடங்கறதுக்கு முந்தியே எறக்கிப் போடோணும்." இரண்டு பேரும் வாணலிமேல் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். கொள்ளை இறக்கியதும் அவரே ரசத்துக்குப் பூண்டு தட்ட உட்கார்ந்துவிட்டார்.